கணினி வைத்தியம்: 98 டிகிரி காய்ச்சலா, சுகமா?

கத்திரி வெயில் தொடங்கியதும் மஞ்சக்குப்பத்தில் என் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். மோர்ப் பந்தலுக்கு நன்கொடை கேட்பவர்கள் ஒரு வகை. கணினியின் மூளையான பிராசஸரின் சூடு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பவர்கள் மறு வகை. பத்திரிகை அலுவலகம் இம்மாதம் அனுப்பிய கடிதக் கட்டிலும் பாதிக்கு மேல் இதே கேள்விதான். ஆகவே பிரிண்டர் மை, மோடம், மருமகன் மறந்துபோன பாஸ்வேர்டு ஆகிய எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வில்லியனூர் வாசகி: மகனின் கணினியில் வெப்பநிலை காட்டும் மென்பொருள் போட்டோம். கேம் விளையாடும்போது 98 என்று காட்டுகிறது. என் மாமனார், "மனிதனுக்கே 98.4 தானே, கணினி நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது" என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெடித்துவிடுமா?

உங்கள் சந்தேகம் சரி அம்மா. மாமனார் சொல்வது ஃபாரன்ஹீட் கணக்கு. ஒருவேளை மென்பொருளும் ஃபாரன்ஹீட்டில் காட்டுகிறதோ என்று பார்த்தால், 98 ஃபாரன்ஹீட் என்பது 37 செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. இந்த மாதத்தில் உங்கள் வீட்டுக் கூடமே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். கேம் ஓடும் பிராசஸர் அறைச் சூட்டிலேயே இருக்க வழி கிடையாது. ஆக, அது செல்சியஸ்தான். தண்ணீர் கொதிக்க இரண்டு டிகிரி குறைவு.

வெடிக்காது. இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காமல் மேலே போனால் கணினியே அணைந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் வந்த பென்டியம் 4 முதலே சூடு ஏறினால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இன்டெலிடம் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்தில் என் கடையில் ஒரு பிராசஸரை, அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுக் கட்டான ஹீட் சிங்க் மாட்டாமல், "திரையில் படம் வருகிறதா என்று மட்டும் பார்ப்போம்" என்று ஸ்விட்சைப் போட்டேன். எண்ணிப் பத்து வரைகூடப் போகவில்லை, வாசனை வந்துவிட்டது. அந்தப் பிராசஸர் இன்னும் என் மேசை இழுப்பறையில், எனக்கே புத்தி சொல்லக் கிடக்கிறது.

ஆனால் வெடிக்காது என்பதால் 98 நல்லது என்றாகிவிடாது. கேம் நடுவில் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று மகன் புலம்பினால் காரணம் இதுதான். எல்லையைத் தொட்டுத் தொட்டு வேகம் குறைகிறது. நெல்லிக்குப்பம் வாசகருக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கேபினட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். "85 இருக்கிறது, பரவாயில்லையா?" என்று வெறும் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பிராசஸரின் எல்லை எவ்வளவு, அந்நேரம் அறையின் சூடு எவ்வளவு, கணினி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்ற மூன்றும் வேண்டும். எல்லையைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அறைச் சூட்டுக்குச் சுவரில் மாட்டும் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும்.

லாஸ்பேட்டை வாசகர்: புதிதாக ரைசன் 7700எக்ஸ் போட்டுக் கணினி கட்டினேன். வீடியோ எடிட்டிங் முடித்து ஏற்றுமதி கொடுத்தால் 95-ல் போய் நிற்கிறது. கட்டிக் கொடுத்தவரிடம் சண்டை போடலாமா?

வேண்டாம். 2022-ல் வந்த அந்த வரிசையை, ரைசன் தயாரிக்கும் ஏ.எம்.டி. அப்படித்தான் அமைத்தது. முழு வேலை கொடுத்தால் 95 வரை ஏறி, அங்கேயே நின்றுகொண்டு, அந்தச் சூட்டுக்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுக்கும். பெரிய கூலர் (ஹீட் சிங்கும் ஃபேனும் சேர்ந்தது) போட்டால் சூடு குறைவதற்குப் பதில் வேகம் கூடுவதைத்தான் பார்ப்பீர்கள். இதே 95 ஒரு கூட்டுறவுச் சங்கத்து மேசையில், கணக்கு மட்டும் எழுதும் எட்டு வருடக் கணினியில் தெரிந்தால் நான் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன்.

நெல்லிக்குப்பம் வாசகர்: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் வாங்கிய பழைய இன்டெல் கணினியைப் பேருந்தில் கொண்டுவந்தேன். சும்மா இருக்கும்போதே 86, பி.டி.எஃப். திறந்தால் 100. பயந்துபோய்த் திறந்து ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது. சி.பி.யு. பெட்டியும் சூடாக இல்லை. மென்பொருள் பொய் சொல்கிறதுதானே?

இந்த மாதக் கட்டில் எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். நீங்கள் கவனித்தது சரி, முடிவுதான் தலைகீழ். ஹீட் சிங்க் சில்லென்று இருப்பதுதான் நோய்க்குச் சாட்சி.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம் ஊரில் பெட்டி முழுவதையும் சி.பி.யு. என்கிறோம். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே தீப்பெட்டி நீளத்துக்கும் குறைவாக இருக்கும் அந்தப் பிராசஸர் மட்டுமே. அதிலும் சூடு பிறக்கும் சிலிக்கான் துண்டு கட்டைவிரல் நகம் அளவுதான். அந்தச் சூடு உலோக மூடி வழியாக, இடையில் பூசிய தெர்மல் பேஸ்ட் வழியாக, ஹீட் சிங்குக்கு ஏறி, ஃபேன் காற்றில் கரைய வேண்டும். ஹீட் சிங்க் சூடாக இருந்தால் சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிராசஸர் 100-ல் கொதிக்கும்போது ஹீட் சிங்க் சில்லென்று இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. அடுப்பில் தீ எரிகிறது, பாத்திரம் பக்கத்தில் இருக்கிறது.

பேருந்தில் வந்தது என்று எழுதினீர்களே, அங்கேதான் என் சந்தேகம். பெட்டியோடு வரும் பழைய இன்டெல் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். மதர்போர்டின் துளைகளில் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். வழியெல்லாம் வேகத்தடையில் குதித்ததில் ஒரு கால் எழும்பியிருக்கலாம். ஒன்று எழும்பினாலே கூலர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபேனின் நான்கு மூலைகளையும் விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடும் மூலைதான் குற்றவாளி.

அதை அப்படியே அழுத்தி மாட்டிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை பிரிந்த தெர்மல் பேஸ்ட் மறுபடி சரியாக ஒட்டாது, இடையில் காற்று புகுந்திருக்கும். நான்கு கால்களின் கறுப்புத் தலைகளையும் அதில் உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பினால் கழலும். கூலரை எடுங்கள். காய்ந்து சுண்ணாம்பு போல் இருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் இரு பக்கமும் துடையுங்கள். புதிய பேஸ்ட் நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவு போதும். பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்புவது மட்டுமே. தோசைக்கு வெண்ணெய் பூசுவதுபோல் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பிறகு தலைகளை அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு மூலை, அதற்குக் குறுக்கு மூலை என்ற வரிசையில் அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். நான்கு 'டக்' கேட்காமல் கேபினட்டை மூடக் கூடாது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. புதிய கூலரின் அடியில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை உரிக்காமலே ஒருவருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் கணினியும் வந்தது, அவரும் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தபோது அந்தத் தாளில் "மாட்டும் முன் உரிக்கவும்" என்று அச்சடித்திருந்தது.

பாகூர் வாசகர்: என்னிடம் இருப்பது பழைய இன்டெல் கோர் 2 டுயோ. அறையில் 35 டிகிரி. மென்பொருளில், பிராசஸருக்குள் இருக்கும் இரண்டு கோர்களில் (வேலை செய்யும் பகுதிகளில்) ஒன்று 24, மற்றொன்று 31. அறையைவிடக் குளிர்ச்சியாக எப்படி இருக்க முடியும்?

இருக்க முடியாது. சாதாரண ஃபேன் வைத்த கணினி அறைக் காற்றைக் கொண்டுதான் ஆறுகிறது, அதற்குக் கீழே போக வழியில்லை. தவறு எங்கே நடக்கிறது என்பதுதான் சுவையானது.

இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் சென்சார், இத்தனை டிகிரி சூடு என்று சொல்வதில்லை. எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். 'கடலூர் 8' என்று இருக்கும். நீங்கள் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அந்தக் கல்லுக்குத் தெரியாது. மொத்தத் தூரம் உங்களுக்குத் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். மென்பொருள் செய்வது அந்தக் கழித்தல்தான். எல்லை 100, பாக்கி 62 என்றால் திரையில் 38.

இப்போது மென்பொருள் எல்லையைத் தவறாக எடுத்துக்கொண்டால்? 100 என்று இருக்க வேண்டிய இடத்தில் 85 என்று வைத்துக்கொண்டால் எல்லா எண்ணும் 15 குறைந்துவிடும். கோர் 2 வந்த புதிதில் மேசைக் கணினி மாடல்களுக்கு இன்டெல் இந்த எல்லையை வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஊகித்துப் போட்டார்கள். இன்னொன்று, அந்தச் சென்சாரின் வேலை ஆபத்து நேரத்தில் எச்சரிப்பது. எல்லைக்கு அருகில் நம்பலாம். எல்லையிலிருந்து விலகிக் கீழே வர வர அதன் பேச்சு குழறும். சில பிரதிகளில் ஓர் எண்ணுக்குக் கீழே நகராமல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. உங்கள் இரண்டு கோர்களுக்கும் ஏழு டிகிரி வித்தியாசம் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கடினமான வேலை ஒன்றைப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு அப்போது இரண்டும் எவ்வளவு காட்டுகின்றன என்று பாருங்கள். அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு.

முதலியார்பேட்டை வாசகர்: பழைய ரைசன் 1700எக்ஸ் வாங்கினேன். ஒரு மென்பொருள் 58 என்கிறது, மற்றொன்று 78. எதை நம்புவது?

58-ஐ. 2017-ல் வந்த 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் உண்மைச் சூட்டோடு 20 டிகிரி கூட்டித்தான் பிராசஸர் வெளியே சொல்லும். பல மாடல்களுக்கும் ஒரே மாதிரி ஃபேன் கட்டுப்பாடு ஒத்துவர வேண்டும் என்று ஏ.எம்.டி. வேண்டுமென்றே வைத்தது அது. விஷயம் தெரிந்த மென்பொருள் 20-ஐக் கழித்துக் காட்டுகிறது. தெரியாதது கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறது.

இனிச் சில கடிதங்களுக்கு ஒரே மூச்சில் பதில். அரியாங்குப்பம் வாசகர் மதர்போர்டு பட்டியலில் ஒரு வரி மட்டும் இரவு பகலாக 127 காட்டுகிறது என்று பதறுகிறார். அந்தச் சென்சார் இணைப்பில் எதுவும் மாட்டப்படவில்லை ஐயா, குறியோடு எழுதும் எட்டு பிட் எண்ணின் உச்சம் 127, அவ்வளவுதான். லினக்ஸில் ஒரு கோப்பைத் திறந்தால் 47000 என்று வருகிறது என எழுதிய கல்லூரி மாணவர் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளவும். அது 47 டிகிரி, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த லேப்டாப்பில் 149 என்று பார்த்த வாசகிக்கு: அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 65. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் 58, விண்டோஸுக்குள் வந்தால் 44 என்று குழம்பிய வாசகருக்கு: பயாஸில் பிராசஸர் கண்ணயர்வதில்லை, விண்டோஸில் வேலை இல்லாத நேரமெல்லாம் தூங்குகிறது.

முத்தியால்பேட்டை வாசகி: வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிரவுசரைத் திறந்த அந்த நொடியில் 48-லிருந்து 79-க்குத் தாவுகிறது, உடனே இறங்குகிறது. ஃபேனும் திடீரென்று கத்திவிட்டு அடங்குகிறது. ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது.

கோளாறு இல்லை. தாளிப்புக் கரண்டியையும் அண்டாவையும் நினைத்துப் பாருங்கள். அண்டாவில் தண்ணீர் சுட அரை மணி, கரண்டியில் எண்ணெய் காய ஒரு கணம். சிலிக்கான் துண்டு கரண்டி மாதிரி. ஏதாவது திறந்தால் பிராசஸர் வழக்கத்தைவிடக் கூடுதலான டர்போ வேகத்துக்குப் பாய்ந்து, வேலையை முடித்துவிட்டு அமர்கிறது. தாவுகிற எண்ணைப் பார்க்க வேண்டாம், அரை மணி நேரம் வேலை செய்தபின் நிலைத்து நிற்கிற எண்ணைப் பாருங்கள். ஃபேனின் கத்தல் எரிச்சலாக இருந்தால் பயாஸில் ஃபேன் சில நொடி தாமதமாக வேகமெடுக்கும்படி அமைக்க வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பண்ருட்டி வாசகர்: முந்திரி உடைக்கும் கொட்டகையை ஒட்டியே அலுவலகம். இரண்டு வருடத்தில் 60 ஆக இருந்தது 88 ஆகிவிட்டது. ப்ளோயர் வைத்து ஊதியும் குறையவில்லை.

உங்கள் ஊர்க் கணினிகளைத் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மற்ற இடங்களில் தூசி காய்ந்த தூசி, ஊதினால் பறக்கும். முந்திரித் தோல் புகை பட்ட தூசி எண்ணெய்ப் பசையோடு அப்பிக்கொள்ளும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் அதற்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டு விரித்ததுபோல் ஒரு படலம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஊதினால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கும். ஃபேனைத் தனியாகக் கழற்றி, படலத்தைக் கையால் உரித்தெடுத்து, தகடுகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விர்ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போய்விடும். கணினியைத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, கொட்டகைக்கு எதிர்ச் சுவர் ஓரம் வையுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதியவருக்கும் இதுவே பதில். கூடுதலாக ஒன்று: உங்கள் கேபினட் ஸ்க்ரூக்களில் துருவும், அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடியும் பூத்திருப்பது உப்புக் காற்றின் கைவரிசை. கடலைப் பார்த்த ஜன்னலின் அடியில் கணினியை வைக்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை: லேப்டாப் மதியத்தில் 93 வரை போகிறது. காலையில் அதே வேலைக்கு 87. கூலிங் பேட் வாங்க வேண்டுமா?

மதியச் சூடு உங்கள் அறையின் சூடு. அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். நம் கரையில் கடற்காற்று மதியத்துக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம், தாமதமானால் 40-ஐத் தொட்டுவிடும். முதலில் மெத்தை, தலையணை மேல் வைப்பதை நிறுத்துங்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்கின்றன. அடுத்து, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்று இருக்கும் 100-ஐ 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று சிரிக்காதீர்கள். பல லேப்டாப்களில் டர்போ வேகமே அதோடு நின்றுவிடும். சூடு கணிசமாக இறங்கும். மதிப்பெண் பட்டியல் தயாரிக்க அந்த வேகம் தேவையே இல்லை. இதற்குப் பிறகும் 90-ஐத் தாண்டினால் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், கூலிங் பேட் அதற்கு மாற்று ஆகாது.

குறிஞ்சிப்பாடி, எட்டாம் வகுப்பு மாணவர்: லேப்டாப்பை ஃபிரிட்ஜில் வைத்து ஓட்டினால் என்ன?

ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சில்வர் டம்ளரை எடுத்து மேசையில் வை தம்பி. ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் எவ்வளவு தண்ணீர் வழிகிறது என்று பார். அது மதர்போர்டு மேல் வழியும்.

கடலூர் முதுநகர் வாசகர்: ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறீர்களே, உங்கள் கடைக் கணினியின் சூடு எவ்வளவு?

கேட்பீர்கள் என்று தெரியும். கடைக்கு வரும் கணினிகளுக்கு வைத்திருக்கும் கோடு போட்ட நீள நோட்டிலேயே என்னுடையதும் இருக்கிறது. நேற்றுப் பிற்பகல் மூன்று மணி, சுவர்த் தெர்மாமீட்டரில் அறை 36. எல்லை 100. சும்மா இருக்கும்போது 57, பத்து நிமிடம் முழு வேலை கொடுத்தால் 84. போன வருடம் இதே வாரத்துப் பக்கத்தைத் திருப்பினேன். அறை அதே 36, சும்மா 49, முழு வேலையில் 73. பதினோரு டிகிரி எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும் என்று ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.